கோலைப் பிடித்த கையும் கணக்கு எழுதிய கையும்

"இவனுக்குக் கணக்கு வராது" என்ற பேச்சைக் கேட்காமல் ஒரு பள்ளியின் ஆசிரியர் அறையில் ஒரு வாரத்தைக் கழிக்க முடியாது. வரலாறு வராது என்று எந்தப் பிள்ளையையும் சொல்வதில்லை, படிக்கவில்லை என்பார்கள். அறிவியல் வராது என்று சொல்வதில்லை, கவனிக்கவில்லை என்பார்கள். கணக்கு மட்டும்தான் 'வரும்' அல்லது 'வராது'. பிறக்கும்போதே கொண்டுவந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஒரு திறமையைப் பிறப்போடு முடிச்சுப் போடும் பேச்சு இந்த நாட்டில் எங்கே போய் முடியும் என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. யாருக்குக் கணக்கு வரும், யாருக்கு வராது என்ற பட்டியல் வகுப்பு தொடங்கும் முன்பே ஆசிரியர் மனதில் எழுதப்பட்டிருக்கிறது.

கல்வியியல் முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கடந்த இரண்டு ஆண்டுகளாக அரசுப் பள்ளிகளின் ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்கு வகுப்புகளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வருகிறேன். நானும் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கி அதே கடைசி பெஞ்சில் படித்தவன்தான். என் ஆய்வு, பி.எட். கல்லூரிகளில் 'பிராப்ளம் பேஸ்டு லேர்னிங்' என்று சொல்லித்தரப்படும் சிக்கல்வழிக் கற்றல் பற்றியது. இந்த முறை நம் பிள்ளைகளுக்குத் தேவை என்பதே என் நிலைப்பாடு. ஆனால் இன்று பயிற்சி வகுப்புகளில் அது பேசப்படும் வடிவத்தில் அப்படியே வகுப்பறைக்குள் வந்தால், சாதி அதற்குள் சுலபமாகப் புகுந்துகொள்ளும். இரண்டையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

முப்பத்தைந்து மதிப்பெண் கணக்கு

முதலில், இப்போது என்ன நடக்கிறது? பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளை எடுத்துப் பாருங்கள். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண்ணில் 10, ஐந்து மதிப்பெண்ணில் 10 எழுத வேண்டும். கடைசியில் எட்டு மதிப்பெண் வினா இரண்டு: ஒன்று செய்முறை வடிவியல், மற்றொன்று வரைபடம். மொத்தம் 100, தேர்ச்சிக்கு 35.

இந்தப் பிரிவினையை வைத்து ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு தனிக் கணக்கு ஓடுகிறது. 'மெல்லக் கற்போர்' என்று பெயர் சூட்டப்பட்ட பிள்ளைகளுக்குச் சில பக்கக் கையேடு ஒன்று கொடுக்கப்படுகிறது. வடிவியலும் வரைபடமும் 16 மதிப்பெண். புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு விடை மனப்பாடம். கூடவே நாலைந்து சின்னக் கணக்குகள். அரையாண்டுக்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் வேறு எதையும் பார்ப்பதில்லை. பரவளையத்தை அழகாக வரைவார்கள். அது எதைக் காட்டுகிறது என்று கேட்டால் தெரியாது. தொடுகோடு வரைவார்கள், ஏன் அது ஆரத்துக்குச் செங்குத்தாக இருக்கிறது என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

ஆசிரியர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். ஆனால் விளைவு என்ன? முப்பத்தைந்து வாங்கிய பிள்ளை தேறிவிட்டது என்று ஊர் மகிழ்கிறது. பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையில் முதல் குரூப்பின் கதவு அதற்கு மூடப்படுகிறது. கணக்கு வந்தவர்கள் பொறியியல், புள்ளியியல், கணினி என்று போகிறார்கள். கணக்கு வராதவர்கள் மிச்சம் இருப்பதற்குப் போகிறார்கள். யாரும் யாரையும் வெளியே போ என்று சொல்லவில்லை. கையேடு சொல்லிவிட்டது.

தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005-க்காகக் கணிதப் பேராசிரியர் ஆர்.ராமானுஜம் தலைமையிலான குழு ஓர் அறிக்கை தந்தது. திறமையான சிறு பகுதியினரையும், பங்கேற்காமல் ஒதுங்கிக்கொள்ளும் பெரும்பான்மையினரையும் ஒருசேர ஏமாற்றும் பாடத்திட்டம் என்று அது இந்த நிலைமையை விமர்சித்தது. கணக்கைப் பற்றிய அச்சத்தைப் பள்ளிக் கணிதத்தின் முதல் சிக்கலாகவே வைத்தது. இருபது ஆண்டுகளாகியும் கடைசி பெஞ்ச் அப்படியேதான் இருக்கிறது.

தொட்டிக்குள் எவ்வளவு தண்ணீர்?

சிக்கல்வழிக் கற்றல் பள்ளிக் கணக்குக்காகப் பிறந்த முறை அல்ல. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் 1969 முதல் நடைமுறைக்கு வந்தது. முதலில் பாடம், பிறகு நோயாளி என்ற வரிசையை மாற்றி, நோயாளியின் சிக்கலை முதலில் வைத்து, அதைத் தீர்க்க என்னென்ன தெரிய வேண்டும் என்று மாணவர்களே தேடும்படி செய்தார்கள். கணக்கில் இதன் பொருள் எளிது. சூத்திரம், மாதிரிக் கணக்கு, பயிற்சி, கடைசியில் 'வாழ்வியல் கணக்கு' என்ற வரிசை தலைகீழாகும். முதலில் சிக்கல். சூத்திரம் தேவைப்படும்போது வரும்.

நான் பார்த்த ஒரு வகுப்பைச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு. ஆசிரியர் கரும்பலகையில் ஒரே ஒரு வரி எழுதினார்: "காலனித் தொட்டியில் இருக்கும் தண்ணீர் நமக்குப் போதுமா?" வேறு எண் எதுவும் தரவில்லை. பாடநூல் கணக்கில் ஆரமும் உயரமும் தயாராகக் கொடுக்கப்பட்டிருக்கும், பெருக்கினால் போதும். இங்கே தொட்டி தூண்களின் மேல் நிற்கிறது.

"மேல ஏறி அளக்கலாமா சார்?"

"ஏறக் கூடாது. தரையில இருந்தே அளங்க."

இரண்டு நாள் சண்டை நடந்தது. நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, தொட்டியின் விளிம்புக்கு நேர் கீழே இரண்டு பக்கமும் தரையில் குறி போட்டு, இடையிலுள்ள தூரத்தை ஒரு குழு அளந்தது: 4.2 மீட்டர். பாகைமானியில் ஸ்ட்ராவையும் நூலையும் ஒட்டி ஏற்றக்கோணம் பார்த்தது இன்னொரு குழு. 10 மீட்டர் தள்ளி நின்று, கண் மட்டத்திலிருந்து பார்த்தால் தொட்டியின் அடி விளிம்பு 42 பாகை, மேல் விளிம்பு 49 பாகை. பாடநூல் கணக்குகளில் பெரும்பாலும் 30, 45, 60 தவிர வேறு கோணமே உலகத்தில் இல்லை. அன்றுதான் அந்தப் பிள்ளைகள் முக்கோணவியல் அட்டவணையை முதன்முறையாகத் தேவைக்காகப் புரட்டினார்கள். 11.5-இல் 9.0 போக, தொட்டியின் வெளி உயரம் 2.5 மீட்டர்.

அப்படியே கன அளவு போட்ட குழுவுக்கு 34,000 லிட்டருக்கு மேல் வந்தது. தொட்டியில் பெயின்ட்டால் எழுதியிருப்பது 30,000. எங்கே போனது மிச்சம்? சித்தாள் வேலைக்குப் போகும் அம்மாவின் மகள் ஒருத்தி சொன்னாள்: "சுவர் கனம் இருக்குல்ல சார்." சுவருக்கும் அடித்தளத்துக்கும் 10 சென்டிமீட்டர் கழித்தார்கள். உள் ஆரம் 2 மீட்டர், உயரம் 2.4 மீட்டர். 30,000 லிட்டருக்கு மிக அருகில் வந்தது. உள்ளீடற்ற உருளை என்று அளவியலில் ஒரு தலைப்பு ஏன் இருக்கிறது என்பது அந்த வகுப்புக்கு இனி மறக்காது. கோணத்தில் ஒரு பாகை தவறினால் விடை ஏறத்தாழ 4,000 முதல் 5,000 லிட்டர் வரை மாறுகிறது என்பதையும் கண்டுபிடித்தார்கள். எல்லாக் குழுக்களின் கோணத்தையும் கூட்டிச் சராசரி எடுக்கலாம் என்பதும் அவர்கள் யோசனைதான்.

பிறகு வீடுகளை எண்ணினார்கள். 140 வீடு, 560 பேர். ஜல் ஜீவன் திட்டம் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சொல்லும் அளவு 55 லிட்டர். பெருக்கினால் 30,800. தினமும் ஒரு முறை தொட்டி நிறைந்தால் ஏறக்குறையச் சரியாகிவிடும். ஆனால் தொட்டி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் நிறைகிறது. ஆளுக்கு 27 லிட்டர்கூட இல்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு பையன் கேட்டான்: "ஊருக்கு எத்தனை தொட்டி சார்?"

அந்தக் கேள்வி எந்தப் பயிற்சியின் கீழும் அச்சாகியிருக்காது. ஆசிரியர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதையும் கணக்குப் போடுங்க" என்றார். அந்த வாரமே அவருக்கு மேலிடத்திலிருந்து, 'ஊர்ப் பிரச்சினையை வகுப்புக்குள் கொண்டுவர வேண்டாம்' என்று அறிவுரை வந்தது. 2022 டிசம்பரில் வேங்கைவயல் தொட்டியில் மலத்தைக் கலந்த ஊர்கள் உள்ள நாட்டில், தண்ணீர்த் தொட்டி வெறும் உருளை அல்ல என்பது மேலிடத்துக்கும் தெரிந்தே இருக்கிறது.

இந்த முறையின் அரசியல் இங்கேதான் இருக்கிறது. விடை சரியா என்று தீர்மானிப்பது ஆசிரியரின் தலையசைப்போ புத்தகத்தின் பின்பக்கமோ அல்ல, தொட்டி. தன் தர்க்கத்தால் தானே விடையைச் சரிபார்க்க முடியும் என்று ஒரு பிள்ளை ஒருமுறை உணர்ந்துவிட்டால், 'வராது' என்ற தீர்ப்பைச் சொல்பவரின் அதிகாரம் கொஞ்சம் சரிகிறது.

வெளியே நடந்தவை

ஜோ போலர் என்ற ஆய்வாளர் 1990-களில் இங்கிலாந்தில், உழைக்கும் மக்கள் வாழும் பகுதிகளில் இருந்த இரண்டு பள்ளிகளின் சுமார் 300 மாணவர்களை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தார். ஒரு பள்ளியில் புத்தகம், பயிற்சி, திறமைவாரியாகப் பிரித்த வகுப்புகள். மற்றதில் பிரிக்காத வகுப்புகள், நீண்ட திறந்த சிக்கல்கள். தொடக்கத்தில் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே நிலை. முடிவில், பொதுத்தேர்வில்கூடச் சிக்கல்களோடு படித்தவர்களில் தேறியவர்களே அதிகம். புத்தகப் பள்ளியில் பெண்கள் பின்தங்கினார்கள். மற்றதில் அந்த இடைவெளி இல்லை.

நமக்கு இன்னும் நெருக்கமானவர் ராபர்ட் மோசஸ். 1961 முதல் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவுசெய்யும் போராட்டத்தில் அடிபட்டவர். எழுத்தறிவுச் சோதனை என்ற பெயரில் குத்தகை விவசாயிகளின் ஓட்டுரிமை பறிக்கப்பட்டதை நேரில் கண்டவர். 1982-இல் தன் மகளின் எட்டாம் வகுப்பில் அல்ஜிப்ரா கற்பிக்கப்படாததைப் பார்த்து, தானே போய்ச் சொல்லிக்கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் அல்ஜிப்ரா திட்டம். அன்று எழுத்தறிவு எந்த வேலையைச் செய்ததோ அதே வேலையை இன்று அல்ஜிப்ரா செய்கிறது, யாரை உள்ளே விடுவது என்று முடிவுசெய்கிறது என்றார். கணக்கை அவர் குடியுரிமைப் பிரச்சினையாகப் பார்த்தார்.

நம்மிடம் இது புதிய சிந்தனை அல்ல. 1882-இல் ஹண்டர் கல்வி ஆணையத்திடம் அளித்த வாக்குமூலத்தில் சோதிராவ் புலே தொடக்கப்பள்ளிப் பாடங்களில் கணக்கு வழக்கையும் சேர்க்கச் சொன்னார். எழுதத் தெரிந்த குல்கர்னியும் வட்டிக்கடைக்காரனும் எழுதத் தெரியாத விவசாயியை என்ன செய்தார்கள் என்பது அவருடைய எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி.

குலக்கல்வியின் பின்வாசல்

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். 'வாழ்க்கையோடு இணைந்த கல்வி', 'அனுபவக் கல்வி' என்ற சொற்களை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பாதி நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றது. பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி எதிர்த்தார்கள். 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் ஆட்சி திட்டத்தைக் கைவிட்டது. தேசியக் கல்விக் கொள்கை 2020-இல் 6 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகள் பத்து நாள் புத்தகப்பை இல்லாமல் உள்ளூர்த் தச்சர், குயவர் போன்றோரிடம் பயிலும் ஏற்பாடு இருக்கிறது. செங்கல் சூளைக்காரன் மகனுக்குச் செங்கல் கணக்கு, பறை செய்பவர் மகனுக்குப் பறையின் விட்டம், கணக்காளர் மகனுக்குக் கூட்டுவட்டி என்று சிக்கல்வழிக் கற்றலும் பிரிந்துவிடாதா?

பிரியும். கவனிக்காவிட்டால் நிச்சயம் பிரியும். உள்ளூர்த் தொழில்களைக் கொண்டாடும் 'செயல்வழிக் கணக்கு' ஒன்றைப் பயிற்சிப் பட்டறையில் நானே பார்த்திருக்கிறேன். அதில் பிள்ளைகள் கூடை முடைந்தார்கள், எண்ணினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். கணக்கு அங்கேயே நின்றுவிட்டது.

அங்கே நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 1985-இல் வெளியான ஓர் ஆய்வில் பிரேசிலின் ரெசிஃபெ நகரத் தெருக்களில் இளநீரும் பழமும் விற்ற சிறுவர்கள், கடையில் வாயால் போட்ட கணக்குகளில் 98 விழுக்காடு சரி. அதே கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 விழுக்காடு. கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் நடத்தி, 2025-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வும் இதையே காட்டியது. சந்தையில் சிக்கலான கணக்கை நொடியில் போடும் பிள்ளை, பள்ளிப் பாணியில் எழுதிய எளிய கணக்கில் தடுமாறுகிறது. மறுபக்கமும் சுவையானது: சந்தைப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரியாகப் போட்ட ஒரு கணக்கை, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் 1 விழுக்காட்டினரே போட்டார்கள்.

நம் பிள்ளைகளுக்கு மூளை இருக்கிறதா என்ற கேள்வி இத்தோடு செத்துவிட வேண்டும். ஆனால் இன்னொன்றும் தெளிவாகிறது: தெருக் கணக்கு தானாகப் பாலம் கடந்து தாளுக்கு வராது. வேலையும் சம்பளமும் அதிகாரமும் தாளில் இருக்கின்றன. 'ஏழைப் பிள்ளைகளின் இயற்கை அறிவு' என்று தெருக் கணக்கைப் புகழ்ந்துவிட்டு அவர்களைத் தெருவிலேயே விட்டுவிடுவது நாகரிகமான குலக்கல்வி.

மோசஸ் இதைப் புரிந்துவைத்திருந்தார். பிள்ளைகளைச் சுரங்க ரயிலில் அழைத்துப்போனார். பயணத்தைப் படமாக வரையச் சொன்னார். தங்கள் பேச்சுமொழியில் விவரிக்கச் சொன்னார். பிறகு அதே விவரத்தை ஒழுங்குபடுத்திய மொழியில் சொல்லச் சொன்னார். ஐந்தாவது படியில் குறியீட்டில் எழுதவைத்தார். எந்த நிலையத்திலிருந்து எந்தத் திசையில் எத்தனை நிலையம் என்பது மிகை எண், குறை எண்ணாக மாறியது. ரயில் தொடக்கம், போய்ச் சேரும் இடம் அல்ஜிப்ரா. தொட்டிக் கணக்கும் அப்படித்தான் முடிய வேண்டும்: எந்த ஆரத்துக்கும் எந்த உயரத்துக்கும் எத்தனை பேருக்கும் பொருந்தும் சமன்பாட்டில். அங்கே சேராத சிக்கல்வழிக் கற்றலை நாம் எதிர்க்க வேண்டும்.

குழுவுக்குள் சாதி

அடுத்த சிக்கல் குழு. இந்த முறை குழுவாகச் செய்யும் முறை. குழு என்றால் சமத்துவம் என்று பயிற்சிக் கையேடுகள் நினைக்கின்றன. நான் பார்த்த குழுக்களில் டேப்பின் முனையைப் பிடித்து வெயிலில் ஓடியவர்கள் ஒரு பக்கம். நிழலில் உட்கார்ந்து நோட்டில் எழுதியவர்கள் இன்னொரு பக்கம். யாரும் திட்டமிடவில்லை. யார் எங்கே நின்றார்கள் என்று வாசகர்கள் ஊகிக்கலாம்.

இந்தக் காட்சி பழையது. ஊர்க் கணக்குப்பிள்ளை ஓலையில் எழுதினார். கோலும் கயிறும் பிடித்து வயலில் இறங்கியவர் வெட்டியான். அளந்தவருக்கு அளவை தெரியும், நிலம் தெரியும், மேடு பள்ளம் தெரியும். ஆனால் கணக்கு என்று பெயர் பெற்றது எழுதியவரின் வேலைதான். வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு 2022-இல் வெளியிட்ட நூல் திண்ணைப் பள்ளி, எண்சுவடி, கணக்கதிகாரம் ஆகியவற்றை அளந்து உழைத்தவர்களின் உலகத்தோடு சேர்த்து ஆராய்கிறது. ஆர்வமுள்ளவர்கள் தேடிப் படிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் 1980-இல்தான் ஒழிந்தன. சட்டம் ஒழித்த பிரிவினை, குழுச் செயல்பாடு என்ற பெயரில் வகுப்பறைக்குள் திரும்பி வரலாம்.

குழுவில் யாருக்கு மதிப்போ அவர்தான் பேசுகிறார், பேசுபவர்தான் கற்கிறார் என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் எலிசபெத் கோஹன் பல ஆண்டுகள் ஆய்ந்து காட்டினார். தீர்வும் சொன்னார்: பொறுப்புகளைப் பெயர் சொல்லிப் பிரித்துச் சுழற்றுங்கள், மதிப்புக் குறைந்தவராகக் கருதப்படும் பிள்ளை செய்த சரியான சிந்தனையை எல்லோர் முன்னிலையிலும் எடுத்துச் சொல்லுங்கள். "சுவர் கனம் இருக்குல்ல சார்" என்றவளின் பெயரைச் சொல்லி, இவள்தான் 4,000 லிட்டர் பிழையைப் பிடித்தாள் என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதினால், அந்த வகுப்பின் சாதிக்கணக்கில் ஒரு வரி அழியும்.

மணிக்கட்டில் வண்ணக் கயிறு கட்டிவரும் பள்ளிகளில் இது இன்னும் அவசரம். நாங்குநேரி கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-இல் தந்த அறிக்கை, வகுப்பில் பிள்ளைகளை அகர வரிசைப்படி உட்காரவைக்கச் சொன்னது. குழு பிரிப்பதும் அப்படியே இருக்கட்டும். 'உங்களுக்குப் பிடித்தவர்களோடு சேருங்கள்' என்றால் கயிற்றின் நிறப்படிதான் குழு அமையும். ஒரு விதி எல்லாப் பள்ளிக்கும் போதும்: கோல் பிடித்தவர் அடுத்த முறை எழுதுவார், எழுதியவர் அடுத்த முறை கோல் பிடிப்பார், விடையைத் தாளில் ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதுவார்கள்.

சொல்லிக்கொடுப்பது குற்றமல்ல

'ஆசிரியர் எதையும் சொல்லக் கூடாது, பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும்' என்று ஒரு தூய்மைவாதம் உண்டு. கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூவர் 2006-இல் இதைக் கடுமையாக விமர்சித்தார்கள். ஒரு பொருளைப் புதிதாகக் கற்பவருக்கு வழிகாட்டல் இல்லாத தேடல் சுமைதான். படிப்படியாகத் தீர்த்துக்காட்டிய மாதிரிகள் அவருக்கு அதிகம் உதவும் என்றார்கள். மெக்மாஸ்டரில் இருந்தவர்கள் பொறுக்கியெடுத்த மருத்துவ மாணவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

கறுப்பினக் கல்வியாளர் லிசா டெல்பிட் 1988-இல் இதற்கு ஓர் அரசியல் பதிலும் தந்தார். அதிகாரத்தின் மொழி நடுத்தர வர்க்க வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. பள்ளி அதைச் சொல்லாமல் விட்டாலும் அந்தப் பிள்ளைக்கு நட்டமில்லை. மற்றவருக்குப் பள்ளி வெளிப்படையாகச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்? நம் ஊர்க் கணக்கில் இதை டியூஷன் என்று படியுங்கள். வகுப்பில் 'கண்டுபிடி' என்று விட்டால், மாலையில் டியூஷன் போகிறவன் கண்டுபிடிப்பான். மாடு பிடித்துக் கட்டப் போகிறவள் விடுபடுவாள். ஆகவே சிக்கலோடு தொடங்கு, பிள்ளை முட்டி மோதட்டும், தேவை வந்த இடத்தில் சூத்திரத்தைத் தெளிவாகச் சொல், தீர்த்துக் காட்டு, பயிற்சி கொடு. வாய்ப்பாடும் பயிற்சியும் கேவலமானவை அல்ல. அவற்றை மட்டும் கொடுத்துச் சிந்தனையை மறைப்பதுதான் மோசடி.

தேர்வை என்ன செய்வது?

கடைசியாக, தேர்வு. சிக்கல்வழிக் கற்றலை ஆதரிப்பவர்களில் பலர் பொதுத்தேர்வை ஒழித்து, ஆசிரியரே ஆண்டு முழுவதும் அகமதிப்பீடு செய்யட்டும் என்கிறார்கள். இங்கே நான் முரண்படுகிறேன். அகமதிப்பீடு என்ற ஆயுதம் யார் கையில் இருக்கிறது, யார் மேல் பாய்கிறது என்பதை உயர்கல்விக்குப் போன ஒவ்வொரு தலித் மாணவரும் அறிவார். எனக்கும் ஒரு துறையில் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணும் அகமதிப்பெண்ணும் இரண்டு வெவ்வேறு ஆட்களுடையவை போல இருந்தன. பெயர் மறைத்துத் திருத்தப்படும் பொதுத்தேர்வு விடைத்தாள், எத்தனை குறை இருந்தாலும், நம்மைப் பாதுகாத்த சில சுவர்களில் ஒன்று. அதை இடிக்க விடக் கூடாது. மாற்ற வேண்டியது வினாக்களை. புத்தகத்தில் இல்லாத ஒரு சிக்கலை, படிப்படியான சிந்தனைக்குப் பகுதி மதிப்பெண்ணோடு, பொதுத்தேர்விலேயே வையுங்கள். பிள்ளை ஆண்டு முழுவதும் சிக்கல்களோடு பழகியிருந்தால் மட்டுமே எழுத முடியும் என்ற நிலை வந்தால், கையேடு தானாகவே செத்துப்போகும்.

கோரிக்கைகளை நேராக வைக்கிறேன். 'மெல்லக் கற்போர்' கையேடுகளை நிறுத்த வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பருவத்துக்கு இரண்டு சிக்கல்களாவது பாடத்திட்டத்தின் பகுதியாக, அதற்கான பாடவேளையோடு வர வேண்டும். பாடச்சுமை அந்த அளவுக்குக் குறைய வேண்டும். குழுவின் பொறுப்புச் சுழற்சி எழுத்தில் விதியாக வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் கணித ஆசிரியர் பணியிடம் ஒரு நாள்கூடக் காலியாக இருக்கக் கூடாது. தண்ணீர், கூலி, நிலம், கடன் பற்றிய சிக்கலை வகுப்பில் வைக்கும் ஆசிரியருக்குத் துறை துணை நிற்க வேண்டும்.

இயக்கத் தோழர்களிடமும் ஒன்று கேட்கிறேன். நாம் இரவுப் பாடசாலைகள் நடத்துகிறோம்; அவற்றில் பெரும்பாலும் வீட்டுப்பாடம் முடிக்கவும் தேர்வுக்குத் தயார் செய்யவும் உதவுகிறோம். வாரத்துக்கு ஒரு மாலை ஊரின் ஒரு சிக்கலை எடுத்து அளந்து, எழுதி, சமன்பாட்டில் முடியுங்கள். நூறு நாள் வேலையில் தோண்டிய மண்ணை அளந்துதான் நம் அம்மாக்களுக்குக் கூலி போட்டார்கள். "அளவு குறையுது" என்று ஓவர்சியர் சொன்னபோது குழியின் கன அளவைத் தாங்களே போட்டுக் கேட்க அவர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அவர்களின் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் அந்தச் சூத்திரத்தை ஒரு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். அந்தச் சூத்திரமும் அந்தக் குழியும் ஒரே நோட்டில் வர வேண்டும்.